விட்டுக்கொடுக்காத தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் போன் சலவைத் தொட்டியில் விழுந்து செத்துவிட்டது. அது உயிரோடு இருந்தாலும் எழுதத்தான் செய்திருப்பேன். போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, எழுதினால் நீ நடுவில் வெட்ட முடியாது.

வீட்டுக்காரர் பழைய கட்டடத்தை இடிக்கப் போவதாகச் சொல்லி எங்களைக் காலி பண்ண வைத்தாரே, இடிக்கவே இல்லை. வெள்ளையடித்து, கூடுதல் வாடகைக்கு வேறு ஆளுக்கு விட்டுவிட்டார். உன் வீட்டிலிருந்து திரும்பியதும் நானும் பொடிசும் எங்கே இருந்தோம் என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் இஸ்திரி போடும் சலவைக்கூடத்தில், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்தோம். ஊரில் உள்ள ஓட்டல்களின் மெத்தை விரிப்பெல்லாம் என் கையால்தான் மடிப்புக் கலையாமல் போகிறது. என் மகள் மூட்டைமேல் தூங்கினாள். மேற்பார்வையாளர் கண்ணில் பட்டதும் அந்த இடமும் போயிற்று.

இப்போது அரசுத் தற்காலிகத் தங்குமிடத்தில் இருக்கிறோம். முன்பு லாட்ஜாக இருந்த கட்டடம். இரண்டு இரும்புக் கட்டில், கதவில்லாத அலமாரி, பெயின்ட் அடித்தவன் ஜன்னலையும் சேர்த்து ஒட்டிவிட்டதால் திறக்காத ஒரு ஜன்னல். அறையில் சமைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, விருந்தினர் வரக் கூடாது, தினமும் சாயங்காலம் காப்பாளர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அறை போய்விடும். பொதுச் சமையலறையில் என் குழம்புச் சட்டியின் மூடியை யாரோ எடுத்துப்போய் அதில் சோப்பு வைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு “மூடிதானே” என்கிறார்கள். இருக்கட்டும், தலைக்கு மேலே கூரை இருக்கிறது.

முக்கியமான சங்கதி இதுதான். இங்கே இருப்பவர்களுக்கு வரிசைப்படி நிரந்தர வீடு தருகிறார்கள். சமையலறை உள்ள வீடு, நம் பெயரில் பூட்டு. என் முறை நெருங்கிவிட்டது. என்னைக் கவனிக்க ஒரு உதவி அலுவலர் இருக்கிறார். செத்த வீட்டுச் செய்தியையும் சிரித்துக்கொண்டே சொல்வார் போலிருக்கிறது, அதனால் நான் புன்னகை மேடம் என்று பெயர் வைத்திருக்கிறேன். உறவு யாராவது உண்டா என்று கேட்டார். உன் எண்ணைக் கொடுத்தேன். கூப்பிடுவார். உள்ளதை உள்ளபடி சொல், அது போதும்.

அக்கா

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் வருவதற்கு முன்பே அந்த மேடம் கூப்பிட்டுவிட்டார். நீ அநாதைகள் தங்கும் இடத்தில் இருக்கிறாய் என்பதை ஒரு மூன்றாம் மனுஷி வாயிலிருந்து நான் கேட்க வேண்டியதாகிவிட்டது. அப்போது நான் லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் எண்ணெய், அதனால் கூட வேலை செய்பவன்தான் போனைப் பிடித்துக்கொண்டான், ஸ்பீக்கரில். அவனும் எல்லாவற்றையும் கேட்டான். என் நிலைமையை யோசித்துப் பார்.

ஆனால் ஒன்று, உன்னை நான் விட்டுக்கொடுக்கவில்லை. “உங்க அக்காவுக்கு ஆதரவுன்னு யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம். “என்ன மேடம் கேள்வி இது? நான் ஒருத்தன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்ல?” என்றேன். “அப்ப உங்க வீட்டுல வந்து தங்கலாமா?” என்றார். “என் வீடுன்னா அது அவங்க வீடு. எப்ப வேணா வரலாம், எத்தனை நாள் வேணா இருக்கலாம்.” “இடம் இருக்கா சார்?” “அரண்மனை மாதிரி வீடு மேடம்!” கூட இருந்தவன் கைதட்டாத குறை. அந்த மேடமும் ரொம்ப சந்தோஷப்பட்டார். இனி உன்னை அங்கே யாரும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்கள்.

துணி மூட்டை விஷயத்தைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் என்ன அவ்வளவு வேற்று மனுஷனா? பொடிசுக்கு மாமா கேட்டதாகச் சொல்.

தம்பி

ஜூன் 16

அரண்மனைக்காரருக்கு,

நேற்று புன்னகை மேடம் கூப்பிட்டனுப்பினார். சிரிப்பு வழக்கத்தைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. “நல்ல செய்திம்மா! உங்க தம்பி உங்களைக் கூப்பிட்டுக்கிறாராம். எவ்வளவு பெரிய மனசு!” மாதக் கடைசியில் நான் அறையைக் காலி பண்ண வேண்டும். வீட்டு வரிசையிலிருந்தும் என்னை எடுத்துவிட்டார்கள். தங்க இடம் உள்ளவள் வீடில்லாதவள் ஆக மாட்டாளாம். உன் பெரிய மனசு என் கூரையைப் பிடுங்கிவிட்டது.

“அவன் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பான் மேடம்” என்றேன். “பேச்சுக்குச் சொன்னாரா, நெசமாச் சொன்னாரான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்? சொன்னது சொன்னதுதான்” என்றார். வீட்டுக்கு வந்தவரிடம் “சாப்பிட்டுத்தான் போகணும்” என்று சொல்லிவிட்டு, உலையில் அரிசி இல்லாமல் முழிக்கும் கூட்டம்தானே நாம்? இந்த அம்மாவும் அப்படி ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதெல்லாம் மறந்துபோய்விடும் போலிருக்கிறது.

உன் அரண்மனையை நான் பார்த்திருக்கிறேன். மாமனார் வீட்டு மாடியில் ஒரே அறை. நாங்கள் வந்திருந்தபோது நீ மாடிப்படித் திருப்பத்தில் காலை மடக்கிக்கொண்டு படுத்தாய். உன் மாமியார் காலையில் காப்பி தரும்போதெல்லாம் “இன்னும் டிக்கெட் கிடைக்கலையாம்மா?” என்று அன்பாக விசாரித்தார். பொடிசு டி.வி. ரிமோட்டைத் தொட்டாள் என்று உன் மாமனார் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ பக்கத்தில்தான் நின்றாய். நின்று, உன் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் உன்மேல் கோபப்படவில்லை, டிக்கெட் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். இப்போது கோபப்படுகிறேன். என் வேலையும் இவள் பள்ளிக்கூடமும் இந்த ஊரில் இருக்கின்றன. அதையும் விட்டுவிட்டு, எந்தப் படியில் வந்து படுக்கச் சொல்கிறாய்?

உடனே அந்த மேடத்தைக் கூப்பிடு. என் வீட்டில் இடமில்லை என்று சொல். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாதே.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்று ஒரு ஆஸ்பத்திரியில் நல்ல லிஃப்டை நிறுத்திவிட்டுப் பழுதானதை ஓட விட்டேன். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை.

நான் வேண்டுமென்றா செய்தேன்? நீ இப்படிக் குத்திக் குத்தி எழுதுவது நியாயமா? வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவனுக்கு வெளியில்தான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்த முடியும். உள்ளே நான் எப்படி இருக்கிறேன் என்பதை நீ எழுதித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உனக்காகச் சாப்பாட்டு நேரத்தில் மாமனாரிடம் கேட்டும் பார்த்தேன். கொஞ்ச நாளைக்கு அக்காவும் குழந்தையும் வந்து இருக்கட்டுமே என்றேன். “வரட்டும், தாராளமா வரட்டும். எங்க படுப்பாங்க, உங்க தலைமேலயா?” என்று கேட்டுவிட்டு ஊறுகாய் கேட்டார். என் மனைவி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டாள். மாடிக்கு வந்ததும் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “அண்ணி என்ன கேக்குறாங்களோ அதைச் செய்யுங்க. உங்க கௌரவத்தை விரிச்சுப்போட்டு அதுல படுக்க முடியுமா அவங்க?”

மேடத்துக்குப் போன் போட்டேன். சத்தியமாகப் போட்டேன். ஆனால் இடமில்லை என்று வாய் வரவில்லை அக்கா. எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? “இப்பக் கொஞ்சம் சிரமம் மேடம், வீட்டுல வேலை நடக்குது, கொஞ்ச நாள் கழிச்சுக் கூட்டிக்கிறேன்” என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் நான் வேறு ஏதாவது ஏற்பாடு பண்ணிவிடுவேன். கூடப்பிறந்த அக்காவுக்கு இடமில்லை என்று ஒருவன் அரசாங்க ஆபீசில் சொன்னான் என்றால், அவனை நாலு பேர் என்னவென்று பேசுவார்கள்? கொஞ்சம் பொறுத்துக்கொள்.

தம்பி

ஜூன் 26

தம்பி,

நீ பக்குவமாகச் சொன்னதை அவர்கள் பக்குவமாகவே எழுதிக்கொண்டார்கள். “தம்பி ஏற்றுக்கொள்ளச் சம்மதம், சிறிது தாமதம் ஆகலாம்.” இனி நான் தலைகீழாக நின்றாலும் அந்த வரியை அழிக்க மாட்டார்களாம். கெஞ்சிக் கூத்தாடி அடுத்த மாதம் முதல் வாரம்வரை அறையில் இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். அதற்குள் நீ நேரில் வந்து சொல்ல வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. வீடு யாருடையதோ அவரிடமும் கேட்பார்களாம்.

நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று கேட்டாய். அந்த நாலு பேரில் ஒருவர்கூட எனக்கு ஒரு பாய் போட இடம் தரவில்லை. பேசட்டும்.

எதிர் அறையில் ஒரு அம்மா இருந்தார். ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள். பெற்ற மகனை யாராவது குறை சொல்வார்களா? “என் பையன் தங்கம் மேடம்” என்று சொல்லிவிட்டார். தங்கத்திடம் அனுப்பிவைத்தார்கள். தங்கம் வாசலோடு திருப்பி அனுப்பியது. திரும்பி வந்தபோது அறையில் வேறு ஆள். இப்போது வரிசையில் கடைசி ஆளாகப் புதிதாக எழுதிக்கொடுத்துவிட்டு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறார். வேலைக்குப் போகும்போது பார்த்தேன். அப்போதும் மகனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. “அவனுக்கு என்ன கஷ்டமோ” என்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளையைத் திட்டத் தெரிந்தவர்களுக்கு அறை தருகிறார்கள், திட்ட மனசு வராதவர்களை முதலில் வெளியே தள்ளுகிறார்கள். இதற்கு ஆதரவுத் திட்டம் என்று வாசலில் பலகை வேறு.

பொடிசு தன் கட்டிலுக்கு அடியில் காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, அதுதான் எழுதும் மேசை என்கிறாள். அவளிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஆறுதல் வேண்டாம். உன் சேமிப்பைச் சுரண்டி எதையும் அனுப்பாதே. வேறு ஏற்பாடு எதுவும் பண்ணாதே, உன் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டேன். வந்து இடமில்லை என்று சொல். உன் வாயால் எனக்கு ஒரு உபகாரம் ஆகுமென்றால் அது அந்த ஒரு வார்த்தைதான்.

அக்கா

ஜூலை 3

அக்கா,

சொல்லிவிட்டேன்.

நேற்று உன் ஊருக்கு, உன் தங்குமிடத்து ஆபீசுக்கே வந்தேன். நீ வேலைக்குப் போயிருந்தாய். மேடம் உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஒருவர் நான் சொல்வதையெல்லாம் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது போதவில்லை.

“உங்க அக்கா வந்து கதவைத் தட்டினா என்ன பண்ணுவீங்க?”

“திறக்க மாட்டேன்.”

“ஒரே ஒரு ராத்திரின்னு கேட்டா?”

“மாட்டேன்.”

“குழந்தையோட வந்தா?”

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். கொடுத்தார்கள். குடித்து முடித்த பிறகும் அதே கேள்வி அங்கேயே இருந்தது. “குழந்தையோட வந்தாலும் திறக்க மாட்டேன்” என்றேன். தட்டிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்கு என்மேல் கோபம் இருந்தால் அதோடு தீர்ந்தது என்று வைத்துக்கொள்.

பிறகு மாமனாருக்குப் போன் போட்டார்கள், அதுவும் ஸ்பீக்கரில்தான். அவர் ரொம்ப உற்சாகமாகப் பேசினார். “வீடு என்னுது சார். அவருக்கே நான்தான் போனாப் போகுதுன்னு இடம் குடுத்திருக்கேன், இதுல அவர் வேற ஆளுக்கு இடம் குடுப்பாரா?” என்றார். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்வரை கேட்டது. பொய் ஒன்றும் இல்லை, இருந்தாலும் காது எரிந்தது.

மேடம் சிரித்துக்கொண்டே “இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. “நீங்க அன்னிக்கே இப்படிக் கேட்டிருக்கலாமே மேடம்? கூடப்பிறந்தவளுக்கு இடம் இருக்கான்னு கேட்டா எந்த மனுஷன் இல்லைன்னு சொல்வான்? சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதானே கேக்குறீங்க?” என்று கத்திவிட்டேன். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு இல்லை. “எங்களுக்கும் மேல இருந்து கேக்கச் சொல்ற கேள்விதான் சார்” என்றார். போகும்போது, உன்னைப் பார்க்காமல் போய்விடச் சொன்னார். அக்காவும் தம்பியும் சேர்ந்து நிற்பதை யாராவது பார்த்தால் மறுபடி கேள்வி வருமாம்.

வெளியே வந்தபோது பொடிசு வராந்தாவில் கட்டம் போட்டு நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். வளர்ந்துவிட்டாள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் வந்துவிட்டேன். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வைத்திருந்தேன், அதையும் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் “உடம்பு சரியில்லையா தம்பி?” என்று கேட்டார்.

இனி நான் அங்கே வர மாட்டேன். கடிதமெல்லாம் காப்பாளர் மேசைக்குத்தான் முதலில் போகிறது என்றார்கள். அதனால் இந்த உறையில் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இனியும் அப்படித்தான். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், எனக்கு யாரும் இல்லை என்றே நீயும் சொல்லிக்கொண்டிரு. வீட்டுச் சாவி உன் கைக்கு வரட்டும்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

அறை தங்கிவிட்டது. வரிசையிலும் பழைய இடத்துக்கே வந்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். “எனக்கு உறவென்று சொல்லிக்கொள்ள எவரும் இல்லை” என்று அதில் அச்சடித்திருந்தது. “தங்க வைக்க வசதியுள்ள உறவு இல்லைன்னு மாத்திக் குடுங்க மேடம், போடுறேன்” என்றேன். “ரெண்டும் ஒண்ணுதாம்மா” என்றார். “இல்லை மேடம், ரெண்டும் ஒண்ணு இல்லை” என்றேன். மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லையாம். என்னைச் சுற்றி அத்தனை நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தையை மாற்ற ஒருவருக்கும் அதிகாரம் இல்லை. போட்டேன். போட்டுவிட்டு வெளியே வந்து, குழாயடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

நீ அங்கே என்ன சொன்னாய் என்று புன்னகை மேடம் வாசித்துக் காட்டினார். என் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தாரோ என்னவோ, மெதுவாக வாசித்தார். குழந்தையோட வந்தாலும் திறக்க மாட்டேன் என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். அழுதேன். அந்த வார்த்தை உன் தொண்டையிலிருந்து எப்படி வந்திருக்கும் என்று நினைத்துத்தான் அழுதேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. என் முதுகைத் தட்டி, “இப்படிப்பட்ட தம்பி இருந்தா என்ன, இல்லாட்டி என்னம்மா” என்று ஆறுதல் சொன்னார். அந்த நிமிஷம் அந்த மேசையைக் கவிழ்த்திருப்பேன். பொடிசை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவள் உன்னைப் பார்த்திருக்கிறாள். “மாமா தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சு விளையாடினாரும்மா. நான் கண்டுபிடிச்சுட்டேன், ஆனா பாவம் அவரே ஜெயிக்கட்டும்னு பார்க்காத மாதிரி இருந்துட்டேன்” என்றாள். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டாள். வந்தால் நமக்கு வீடு கிடைக்காது என்று உள்ளதைச் சொன்னேன். “அப்ப வீடு கிடைச்சதும் வருவாரா?” என்றாள்.

உன் மனைவியிடம் நான் விசாரித்ததாகச் சொல். அந்த வீட்டில் ஒருத்திக்காவது அறிவு இருக்கிறது.

இனி நீ அனுப்புநர் இல்லாமல் கடிதம் போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். எங்கே அனுப்புவது என்று தபால்காரர் முழிக்கட்டும். வீடு வேண்டுமென்றால் மனுஷர்களை இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் சட்டம். அதற்கு ஒரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தினம் தினம் போட மாட்டேன். அடுத்த கடிதத்தில் உன் முகவரியைக் காப்பாளர் கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி பெரிதாக எழுது. கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வீடுதான் இல்லை சார், தம்பி இருக்கிறான்.

அக்கா